கூப்பிட்ட நாளிலேயே எழும்புவது: மலையகத்தில் இயேசுவைப் பின்பற்றத் தொடங்குகிறவர்களுக்கு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருவர் என் கையைப் பிடித்தார். "ஐயா, எனக்கும் வரணும்னு மனசுல இருக்கு. தீபாவளி மட்டும் முடியட்டும்." இன்னொருவருக்கு மகளின் ஓ.எல். பரீட்சை முடிய வேண்டும். ஒரு அக்காவுக்கு அடகில் கிடக்கும் தோட்டை மீட்க வேண்டும். வெறுங்காதோடு சபைக்கு வர வெட்கம். கொழும்பில் கடைகளில் நிற்கும் பையன்கள் சித்திரை லீவைச் சொல்வார்கள். இருபது வருஷமாகத் தோட்டத்துச் சபைகளில் உபதேசியாராக இருக்கிறேன். இப்படிச் சொன்ன ஒருவரைக்கூட நான் பொய் சொல்கிறவராக நினைத்ததில்லை. உண்மையாகவே வர நினைத்தவர்கள்தான். தீபாவளி முடிந்தது, கிறிஸ்மஸ் வந்தது, தைப்பொங்கல் வந்தது, மாரியம்மன் திருவிழா வந்தது, திரும்பவும் தீபாவளி வந்தது. அவர்கள் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இந்து வீட்டில் பிறந்து இயேசுவைப் பற்றி இப்போதுதான் கேட்டவராக இருக்கலாம். பாட்டன் காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பமாக இருந்து, பெயர் மட்டும் சபைப் பதிவில் இருக்கிறவராகவும் இருக்கலாம். எதை முதலில் செய்வது, எதற்கு அவசரப்படக் கூடாது என்று என்னால் முடிந்த அளவு வரிசையாகச் சொல்கிறேன்.

மலையகத்தில் பிறந்த நமக்குக் காத்திருப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1948இல் பறிபோன பிரஜாவுரிமை எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருஷம் ரோட்டில் உட்கார்ந்தோம். 2021இல்தான் அது கிடைத்தது. "பிறகு பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு நமக்குள்ளும் இறங்கிவிட்டதோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. ஆண்டவர் கூப்பிடும்போதும், ஏதோ கந்தோரில் வரிசை நிற்பதுபோல, நம் முறை இன்னும் வரவில்லை என்று நிற்கிறோம். அவரிடத்தில் வரிசை கிடையாது.

"உடனே" என்றால் எது

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுங்கள். சீமோனும் அந்திரேயாவும் கடலில் வலை போடுகிறார்கள். இயேசு "என் பின்னே வாருங்கள்" என்கிறார். உடனே வலைகளை விட்டு அவர் பின்னால் போகிறார்கள். கொஞ்ச தூரம் தள்ளி யாக்கோபும் யோவானும் படகில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் அப்படியே. மாற்குவுக்கு இந்த "உடனே" மிகவும் பிடித்த சொல். கிரேக்க மூலத்தில் அது நாற்பது தடவை அளவில் வருகிறது.

இதைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டு போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யோவானின் சுவிசேஷத்தைப் பார்த்தால், அந்திரேயா அதற்கு முன்பே இயேசு தங்கியிருந்த இடத்துக்குப் போய் அன்றைய பொழுதை அவரோடு கழித்தவன். சகோதரன் சீமோனையும் அவனே அவரிடம் கூட்டிப்போனான். தெரிந்த ஒருவருடைய குரல் கேட்டபோதுதான் வலையைப் போட்டுவிட்டு எழும்பினார்கள்.

லூக்கா 14இல் அதே இயேசு, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நான் சொன்ன பதில்: கணக்குப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும், தம்பி. ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் கணக்குப் பார்ப்பது இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் "உடனே" என்று நான் சொல்வது ஒன்றைத்தான். உங்களுக்கு ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்துவிட்ட ஒரு காரியம் இருக்கும். அதை இன்றைக்குச் செய்வது. மற்றதெல்லாம் தெரிய வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் விடியுமுன் தப்படித்தால் லயமே எழும்பிப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, ஓடும் என்று எங்கள் அம்மாச்சி சொல்வார். நேரம் தப்பினால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை, ஏச்சும் அடியும் வேறு. நம் முன்னோர் எழும்பியது பயத்தால். இயேசுவின் அழைப்பை யாராவது அந்தப் பெரட்டுத் தப்பு மாதிரி உங்கள் காதில் அடித்தால், அவர்களை விட்டு ஒரு அடி தள்ளி நில்லுங்கள். அவர் கம்போடு வருகிறவர் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்.

முதல் படி: கேட்டதை எழுதி வையுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, என்ன கேட்டீர்கள் என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். "ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார்" என்று மொத்தமாக எழுதினால் போதாது. எங்கே, எந்த வார்த்தையில், எந்தக் காரியத்தைப் பற்றி? பிரசங்கத்தில் ஒரு வசனமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மா செய்த ஜெபமாக இருக்கலாம். குடிக்காமல் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் பக்கத்துக் காம்பராக்காரரைப் பார்த்து வந்த ஏக்கமாகக்கூட இருக்கலாம்.

எழுதியதை அடுத்த நாள் காலையில் பீலியில் முகம் கழுவும்போது திரும்ப நினைத்துப் பாருங்கள். கூட்டத்தின் பாட்டும் மைக்கும் அடங்கிய பிறகும் அது உள்ளே நிற்கிறதா? அது உங்களை இன்னும் நேர்மையானவராக, இரக்கமுள்ளவராக ஆக்கும் பக்கம் தள்ளுகிறதா? சுவிசேஷத்தில் நீங்கள் பார்க்கிற இயேசு சொல்லக்கூடிய ஒன்றா? ஆம் என்றால் அதைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். "மருந்தை நிறுத்து", "காணிக்கை கட்டினால் வெளிநாட்டு வேலை வரும்", "உன் மாமியாரோடு பேசாதே" என்கிற மாதிரி இருந்தால் அது அவர் குரல் இல்லை.

இரண்டாம் படி: அன்றிரவே பதில் சொல்லுங்கள்

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற இடத்தில் தனியாக முழங்காலிட இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் நின்று பதில் சொன்னேன். கொழுந்தெடுக்கும் மலையில் நிரையில் நின்றபடியே சொன்ன அக்காமார் இருக்கிறார்கள். வாய் திறக்க முடியாவிட்டால் மனதுக்குள் சொல்லுங்கள்.

அழகான வார்த்தை தேவையில்லை. "இயேசுவே, நீர் என்னைக் கூப்பிடுகிறீர் என்று நம்புகிறேன். நான் வருகிறேன். நான் செய்த பிழைகளை மன்னியும். நாளைக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்ய எனக்குப் பெலன் தாரும்." இவ்வளவு போதும். சிறுவன் சாமுவேல் சொன்னது இதைவிடச் சின்னது: சொல்லும், அடியேன் கேட்கிறேன்.

மூன்றாம் படி: அடுத்த பெரட்டுக்கு முன் ஒரு காரியம்

எல்லாவற்றிலும் முக்கியமான படி என்று நான் நினைப்பது இதுதான். எல்லாரும் இங்கேதான் நழுவுகிறோம், நானும் இங்கேதான் நழுவினேன்.

பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்கு நின்றேன். ஒருநாள் கல்லாவிலிருந்து மூவாயிரம் ரூபாய் எடுத்தேன். அம்மாவின் மருந்துச் செலவுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதிக்குச் சப்பாத்தும் சட்டையும் வாங்கினேன். அந்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தபோது எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் சகேயுவின் கதையை வாசித்தார்கள். வரி வசூலிக்கிறவன், அத்திமரத்தில் ஏறி இருந்தவனைப் பார்த்து "சீக்கிரமாய் இறங்கிவா" என்கிறார் இயேசு. அவனும் சீக்கிரமாக இறங்குகிறான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அன்றிரவே இயேசுவுக்கு ஆம் என்று சொன்னேன். அழுதேன். உண்மையான கண்ணீர்தான். ஆனால் அந்த மூவாயிரத்தை மட்டும் "அடுத்த சம்பளத்தில்" என்று வைத்தேன். அடுத்த சம்பளத்தில் வேறு செலவு வந்தது. அப்படியே பதினாலு மாதம்.

ஒருவழியாகப் பணத்தை ஒரு உறையில் போட்டு முதலாளியிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. பணத்தை எண்ணினார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இந்தக் கணக்குக் குறைஞ்சதுக்குத்தான் போன வருஷம் அந்தப் பண்டாரவளைப் பொடியனை நிப்பாட்டினேன்."

அவனை எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பாதி பாதியாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் திடீரென்று வராமல் போனபோது ஊருக்குப் போய்விட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஆம் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் வைத்திருந்த அந்தப் பதினாலு மாதத்துக்குள்தான் அவனுக்குக் கள்ளன் என்று பெயர் விழுந்திருக்கிறது. பண்டாரவளைப் பக்கம் ஆராதனைக்குப் போகும்போதெல்லாம் விசாரித்துப் பார்க்கிறேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

என் தாமதத்துக்கு நான் விலை கொடுக்கவில்லை, அவன் கொடுத்தான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் காரியம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பேசாத தம்பிக்கு ஒரு போன் எடுப்பதாக இருக்கலாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறவர் என்றால், நாளைக் காலையிலிருந்து தராசு காட்டும் கிலோவையே எழுதுவது. யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கிறவர்கள் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்னதும் இதைத்தான்: குறித்ததற்கு மேல் வாங்காதே. குடிக்கிறவர் என்றால், பத்தாம் திகதி சம்பளம் எடுத்ததும் தவறணை இருக்கும் வளைவைத் தவிர்த்து வேறு பாதையில் வீட்டுக்கு நடந்து, காசை மனைவி கையில் கொடுப்பது. குடியை நிறுத்துவது ஒருநாள் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். வைத்தியரும் கூட நிற்கிற ஆளும் வேண்டும். ஆனால் இந்தச் சம்பளத்துக்கு எந்தப் பாதையில் நடப்பது என்பது ஒருநாள் வேலைதான்.

பெரிய காரியமாகத் தேடாதீர்கள். சின்னதாக, கசப்பாக, தள்ளிப்போட ஆசை வருகிறதாக இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

நாலாம் படி: இரண்டு பேரிடம் சொல்லுங்கள்

ஒருவர் விசுவாசத்தில் உங்களுக்கு மூத்தவர். உபதேசியார், போதகர், ஃபாதர், சிஸ்டர், அல்லது ஒழுங்காக ஜெபிக்கிற ஒரு பாட்டி. மற்றவர் உங்களை நன்றாக அறிந்த, உங்கள் பொய்யைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒருவர். சொல்லிவிட்டால் பின்வாங்குவது கஷ்டம், அதற்காகவே சொல்லுங்கள். ஊர் முழுக்கச் சொல்லவோ வாட்ஸ்அப்பில் போடவோ இப்போது அவசரம் இல்லை.

ஐந்தாம் படி: வீட்டார்

தோட்டத்தில் ஒரு ஆள் என்று யாரும் தனியாக வாழ்வதில்லை. ஒரு காம்பராவில் நடப்பது பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

லூக்கா 9இல் ஒருவனிடம் இயேசு "என்னைப் பின்பற்றி வா" என்கிறார். முதலில் போய் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்கிறான் அவன். மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்கிறார் இயேசு. கேட்டால் மனம் திடுக்கிடும். அப்பா அன்றைக்கே செத்துக்கிடந்தாரா, இல்லை "அப்பா இருக்கிற வரைக்கும் வீட்டில் இருந்துவிட்டு, அவரை நல்லபடியாக அனுப்பிவைத்துவிட்டு வருகிறேன்" என்றானா என்பதில் வேத விளக்கக்காரர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அவன் கேட்டது எப்போது முடியும் என்று தெரியாத ஒரு தவணை.

எப்படி எடுத்தாலும், இழவு வீட்டுக்குப் போகாமல் இருக்க இந்த வசனத்தைத் தூக்காதீர்கள். அதே இயேசு மாற்கு 7இல், "அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று ஒதுக்கிவிட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். லயத்தில் ஒருவர் இறந்தால் குழி வெட்டப் போங்கள், பாடை தூக்குங்கள், சாவு வீட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றுங்கள். சடங்கில் உங்கள் மனச்சாட்சி இடம் தராத பகுதி வந்தால், பெரியவர்களிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். வேலை செய்கிற இடத்திலெல்லாம் முன்னால் நிற்கிற பையன் அந்தக் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒதுங்கினால்தான் கோபம் வரும்.

வீட்டில் சாமிப் படம் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அது உங்கள் அம்மாவுடையது. மாரியம்மன் திருவிழாவைப் பழித்துப் பேசுவது சீஷத்துவம் ஆகாது. அந்தத் தாய் இருபது வருஷம் உங்களுக்காக அந்தப் படத்துக்கு முன்தான் விளக்கேற்றியிருக்கிறார். அந்த அன்பை மதியுங்கள். "அம்மா, நான் இயேசுவைப் பின்பற்றப் போறேன். உங்களை விட்டுட்டுப் போகல்ல" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் வேறு ஆள் வாயால் கேள்விப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எலியா தன் சால்வையை எலிசாவின்மேல் போட்டபோது எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தான். அப்பாவையும் அம்மாவையும் முத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான். வீட்டுக்குப் போனவன் மாட்டை அடித்து, ஏர்மரத்தையே விறகாக்கிச் சமைத்து, சனங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கிளம்பினான். இப்படியும் விடைபெறலாம். அவனுக்குத் திரும்பிவந்து உழ ஏரும் இல்லை, மாடும் இல்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒன்று: ஜெபிக்கவும் வாசிக்கவும் உண்மையாக நடக்கவும் இன்றைக்கே தொடங்கலாம். ஞானஸ்நானம் பெற்றோர் சம்மதத்தோடு நடக்கட்டும். பெரியவர்களுக்கு: நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. யாரும் உங்களைத் தடுக்க முடியாது, நீங்களும் யாரையும் நெருக்க முடியாது.

ஆறாம் படி: ஒரு சபையைத் தேடிச் சேருங்கள்

கோப்பிக் காலத்திலேயே, 1850களில், உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து போய் நம் ஆட்களிடம் சுவிசேஷம் சொன்னார்கள். அதனால் இன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்தப் பக்கம் போனாலும் கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் தமிழ் ஆராதனையோடு இருக்கின்றன. நான் எந்தச் சபை என்று இங்கே சொல்ல வரவில்லை. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதே முதல் நியாயம். மழைக்காலத்தில், சாயங்கால பஸ் தப்பினால் த்ரீவீலுக்கு அரைநாள் சம்பளம் போகிற இடத்தில், தூரத்துச் சபைக்கு மூன்று வாரத்துக்கு மேல் போக மாட்டீர்கள்.

போய் இரண்டு மூன்று ஞாயிறு கவனியுங்கள். வேதத்தை வாசித்து விளக்குகிறார்களா? காணிக்கைக் கணக்கை எல்லாருக்கும் சொல்கிறார்களா? கொழுந்தெடுக்கிற பாட்டிக்கும் ஆசிரியருக்கும் ஒரே மாதிரி வணக்கம் சொல்கிறார்களா? பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமா? பார்த்துவிட்டு ஒன்றில் நிலையாகச் சேருங்கள். வாரம் ஒரு சபை என்று சுற்றிக்கொண்டிருப்பதும் தள்ளிப்போடுவதுதான்.

ஏழாம் படி: ஞானஸ்நானம்

அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும் ஞானஸ்நானம் கேட்டான். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அந்த ராத்திரியிலேயே குடும்பத்தோடு பெற்றான். இன்று பெரும்பாலான சபைகளில் ஆயத்த வகுப்புகள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கான ஆயத்தம் பல மாதம் போகும். திருமுழுக்குப் பெரும்பாலும் பாஸ்கா இரவில் கொடுக்கப்படும். "உடனே என்று சொல்லிவிட்டு இப்படிக் காத்திருக்கச் சொல்கிறார்களே" என்று மனம் சலிக்க வேண்டாம். இந்த வாரமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது. வகுப்பில் உட்கார்ந்து காத்திருக்கிறவர் உள்ளே வந்துவிட்டவர். வீட்டுப் பிள்ளையாகச் சமையல் ஆகும்வரை காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எட்டாம் படி: வேலையை விடலாமா?

ஆர்வத்தில் இருக்கிற இளைஞர் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே விட்டுவிட்டு, மூன்றாம் மாதம் அம்மாவின் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

யாக்கோபும் யோவானும் அப்பாவைப் படகில் விட்டுப் போனார்கள் என்று வாசிக்கிறோம். மாற்கு அதே வசனத்தில் ஒரு சொல் சேர்த்திருக்கிறார்: கூலியாட்களோடு விட்டுப் போனார்கள். செபெதேயுவுக்கு வலை இழுக்கக் கை இருந்தது. சீமோன் வலையை விட்ட பிறகும் அவன் வீடு வீடாகத்தான் இருந்தது. இயேசு அங்கே போய் அவன் மாமியாரின் காய்ச்சலைக் குணமாக்கினார். கெரசேனர் நாட்டில் பிசாசு நீங்கிய மனிதன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோது, உன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல் என்று அனுப்பிவிட்டார். பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு அழைப்பு என்பது அதே தோட்டத்தில், அதே மலையில், அதே கடையில் வேறு மனிதனாக நிற்பது.

முழுநேரப் பணிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று உண்மையாகத் தோன்றினால், அதற்கும் இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்று உண்டு: போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ போய்ச் சொல்வது. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் 1963இலிருந்து இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. பல சபைகளின் போதகர்கள் அங்கே படிக்கிறார்கள். கத்தோலிக்கக் குருமாருக்கான தேசிய குருமடம் அம்பிட்டியவில் இருக்கிறது. எதற்கும் உங்கள் சபை உங்களைப் பரிசோதித்துத்தான் அனுப்பும். அந்தக் காலத்தில் ஏ.எல். படிப்பை முடிப்பதும் சிங்களம் பழகுவதும் தாமதம் ஆகாது.

நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் யோசேப் வாஸ் அடிகளை நினைக்காமல் இதைச் சொல்ல முடியவில்லை. ஒல்லாந்தர் குருமாரை விரட்டிய காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பிச்சைக்காரனைப் போல வேஷமிட்டு இலங்கைக்கு வந்தார். கண்டிக்கு வந்ததும் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். விடுதலை ஆனதும் ஊழியம் பார்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. சிறையில் இருந்தபடியே சிங்களம் படித்தார். பிறகு கண்டியில் அம்மைநோய் பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடியபோது அவர்களைத் தூக்கிப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தினசரி

மாற்குவின் சுவிசேஷம் பதினாறு அதிகாரம். ஒருநாளைக்கு ஒன்று வாசித்தால் பதினாறு நாள். போனில் தமிழ் வேதாகமம் இலவசமாக இறக்கலாம்; வாசிக்கத் தெரியாதவர்கள் ஒலியாகக் கேட்கலாம். வாசித்து முடித்ததும் "இதில் இன்றைக்கு எனக்கு என்ன?" என்ற ஒரே கேள்வி. பதில் ஒரு வரியில் கொப்பிக்குப் போகட்டும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்கு ஓடுகிற பெண்களிடம் "காலையில் ஒரு மணி நேரம் தியானம்" என்று சொல்கிற பிரசங்கிமார் மீது எனக்கு வருத்தம் உண்டு. அக்கா, உங்களால் முடிந்தது ராத்திரி பிள்ளைகளில் ஒன்றை அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பதுதான் என்றால், அதுவே முழு தியானம். வீட்டு ஆண்கள் அந்த நேரம் தட்டுக் கழுவினால் அவர்களுக்கும் அன்றைய கீழ்ப்படிதல் முடிந்துவிடும்.

ஏற்கெனவே வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்கு

பவுல் பேசியதைக் கேட்டுத் தேசாதிபதி பேலிக்ஸ் நடுங்கினான். "இப்போது போ, சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன்" என்றான். பிறகு பல தடவை கூப்பிட்டுப் பேசவும் செய்தான். இரண்டு வருஷம் போனது, பதவி மாறிப்போனான், பவுலைச் சிறையிலேயே விட்டுவிட்டுப் போனான். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதே பதில் சொன்னதுபோல ஒரு நிம்மதியைத் தந்துவிடும். அது எனக்கும் தெரிந்த நிம்மதி.

இயேசு சொன்ன இன்னொரு கதை நம் ஆட்களுக்கு உடனே விளங்கும், ஏனென்றால் அது தோட்டத்துக் கதை. ஒரு அப்பா மூத்த மகனிடம், இன்றைக்குப் போய்த் திராட்சத் தோட்டத்தில் வேலை செய் என்கிறார். மாட்டேன் என்கிறான், பிறகு மனம் மாறிப் போகிறான். இளையவன் போகிறேன் ஐயா என்கிறான், போகவில்லை. அப்பாவின் சொல்லைச் செய்தது யார் என்று கேட்கிறார் இயேசு. நீங்கள் இத்தனை வருஷம் மாட்டேன் என்றவராக இருந்தால் மூத்தவனின் இடம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் முழுநாள் பேர் போட்ட எஜமானின் கதையும் அதே மத்தேயுவில், அதற்கு ஒரு அதிகாரம் முன்னால் இருக்கிறது. நம் தோட்டத்தில் என்றால் அரைப் பேர்கூட விழாது.

இன்றைக்கு என்ன கிழமை என்று பாருங்கள். ஞாயிறு என்றால், சாயங்கால ஜெபக் கூட்டம் எந்த வீட்டில் என்று இப்போதே கேளுங்கள். வேறு நாள் என்றால், வரும் ஞாயிறு உங்களோடு யார் நடந்து வருவார்கள் என்று இன்றிரவே ஒருவரிடம் பேசி வையுங்கள். காலை எத்தனை மணிக்கு எந்தச் சந்தியில் நிற்பது என்பது வரைக்கும் பேசுங்கள். அதற்கு முன் மூன்றாம் படியில் உங்கள் மனதுக்கு வந்த அந்தக் காரியம் ஒன்று இருக்கிறது. போன் எடுக்க வேண்டியதாக இருந்தால், ராத்திரி ஒன்பது மணிக்குள் எடுங்கள், தோட்டத்தில் எல்லாரும் நேரத்தோடு படுத்துவிடுவார்கள்.